பச்சை லேபிளும் பச்சைக் குழந்தையும்

"மூலிகைன்னுதானே போட்டிருந்தான் அண்ணாச்சி? விஷம்னு போடலியே!"

திருநெல்வேலி ஜில்லாவில் பீடி சுற்றும் தெரு ஒன்றில், நாலு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு சகோதரி நம்மிடம் கேட்ட கேள்வி இது. குழந்தையின் கன்னத்திலும் தோளிலும் தோல் சிவந்து, கொப்புளம் கட்டி உடைந்து, உடைந்த இடம் கறுத்துக் கிடந்தது.

நடந்தது இதுதான். செல்போனில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, குழந்தைக்கென்று 350 ரூபாய்க்குக் குளியல் பொடி ஒன்றை அந்தச் சகோதரி வரவழைத்திருக்கிறாள். பொழுது விடிந்தது முதல் அடைகிற வரை சுற்றினாலும் அவளுக்குக் கிடைக்காத தொகை அது. பச்சை நிற பாக்கெட். மேலே துளசி இலைப் படம், சிரிக்கும் குழந்தையின் படம். பொடியைத் தேய்த்துக் குளிப்பாட்டி, காலை வெயிலில் சற்று நேரம் காட்டியிருக்கிறாள். அந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுதான். நாலாம் நாள் தோல் சிவந்தது. ஐந்தாம் நாள் கொப்புளம்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "இதில் என்னென்ன போட்டிருக்கிறது?" பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "21 அரிய மூலிகைகள் அடங்கியது, பக்க விளைவுகள் அற்றது" என்று மட்டும் அச்சிட்டிருந்தது. இருபத்தொன்றில் ஒன்றின் பெயர்கூட இல்லை. அடுத்தபடியாக டாக்டரம்மா கேட்டது, "யார் சொல்லி இதைப் போட்டாய்?" என்று. அந்தக் கேள்விதான் சகோதரியின் நெஞ்சில் தைத்துவிட்டது. குழந்தையின் புண் ஆறிவிட்ட பிறகும் அவள் அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

நாம் கேட்கிறோம்: இது அவள் குற்றமா? பொருளைச் செய்தவன் பெயர் சொல்லாமல் விற்கிறான். அதைத் தடுக்க வேண்டிய சர்க்கார் தூங்குகிறது. தன் கூலியைக் கொடுத்து வாங்கிய தாய் கூண்டில் நிற்கிறாள்! இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இன்று நாம் பேச வேண்டியிருக்கிறது.

மூலிகை வைத்தியத்தை இகழ்வதற்காக நாம் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தலைமுறை தலைமுறையாக உழைக்கும் ஜனங்கள் தங்கள் கையால் தொட்டு, நாவால் ருசித்துச் சேர்த்து வைத்த அறிவு அது. அந்த அறிவை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த அறிவின் பெயரை மட்டும் லேபிளில் ஒட்டிக்கொண்டு, அறிவை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் வியாபாரத்தை நாம் அம்பலப்படுத்தியே தீருவோம்.

தோல் சுவர் அல்ல

"வெளியே பூசுவதுதானே, உள்ளே போவதில்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். பெரியவர்கள் விஷயத்திலேயே இது முழு உண்மை அல்ல. குழந்தைகள் விஷயத்தில் இது ஆபத்தான நினைப்பு.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் எடை சுமார் 3 கிலோ. அதன் தோலின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஆளின் தோல் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர். கிலோ ஒன்றுக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பார்த்தால், பெரியவரைவிடக் குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் மேலாக வருகிறது. உடம்பு முழுவதும் ஒரு பொருளைப் பூசினால், எடைக்கு எடை அந்தப் பொருள் குழந்தைக்கே அதிகமாக ஏறும். குழந்தையின் தோலோ மெல்லியது. உள்ளே போனதை முறித்து வெளியேற்ற வேண்டிய ஈரலும் மூத்திரக்காய்களும் இன்னும் முழு வளர்ச்சி பெறாதவை. போதாக்குறைக்கு, கையில் பூசியது எல்லாம் சற்று நேரத்தில் வாய்க்குப் போய்விடும். கையைச் சப்பாத குழந்தை எங்கே இருக்கிறது?

1972ல் பிரான்ஸ் தேசத்தில் நடந்ததை உலகம் மறந்திருக்கலாம், நாம் மறக்கலாகாது. மோராஞ்ஷ் என்ற பெயரில் விற்ற குழந்தைப் பவுடரில், ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீதத்துக்கும் மேலாகக் கலந்துவிட்டது. யாரும் அதைக் குழந்தைகளுக்குப் புகட்டவில்லை. தொடையிடுக்கில் தூவினார்கள், அவ்வளவுதான். 36 குழந்தைகள் மாண்டன. அதற்குப் பிறகுதான், 1975ல், அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அந்த நாடு இயற்றியது. அது மூலிகை அல்ல, ரசாயனம் என்பார்கள். ஆம், ரசாயனம்தான். ஆனால் தோல் வழியாக ஒரு பொருள் குழந்தையின் மூளை வரை செல்லும் என்பதற்கு 36 சிறு குழிகள் சாட்சி சொல்கின்றன. மூலிகையில் இருப்பதும் ரசாயனமே. இலையில் விளைந்ததா, ஆலையில் விளைந்ததா என்று குழந்தையின் தோல் கேட்பதில்லை.

இயற்கை என்பது அத்தாட்சி ஆகுமா?

அரளியும் இயற்கைதான், ஊமத்தையும் எட்டியும் குன்றிமணியும் இயற்கைதான். கிராமத்தில் பிறந்த எவரும் இவற்றைக் குழந்தையின் பக்கத்தில் வைக்க மாட்டார். எது ஆகும், எது ஆகாது, எந்த அளவுக்கு ஆகும் என்று பிரித்து அறிவதுதான் மூலிகை அறிவு. "மூலிகை என்றால் எல்லாம் நல்லது" என்பது அந்த அறிவின் குரல் அல்ல, விளம்பரக்காரனின் குரல்.

நம் வீடுகளில் புழங்கும் சில பொருள்களையே எடுத்துக்கொள்வோம்.

நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி என்று ஒரு விதை உண்டு. நலங்கு மாவிலும் குளியல் பொடியிலும் பலர் சேர்க்கிறார்கள். இதில் சொராலென் என்ற பொருள் இருக்கிறது. சொராலென் பட்ட தோலில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், கொப்புளிக்கும், பிறகு கறுக்கும். இந்தக் குணத்தை வைத்தே டாக்டர்கள் வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்கிறார்கள். ஆனால் அளவு பார்த்து, வெயிலின் நேரம் பார்த்து, அருகிருந்து கவனித்துச் செய்கிறார்கள், கைக்குழந்தைகளுக்குச் செய்வதில்லை. அந்த விதையைப் பொடியில் போட்டு, குழந்தைக்குத் தேய்த்து, வெயிலிலும் காட்டினால் என்ன ஆகும்? நாம் மேலே சொன்ன பொடியை முகர்ந்து பார்த்த வயதான நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர், "கார்போகரிசி கலந்திருக்கலாம்" என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெயர் போடாத பாக்கெட்டில் யார் நிச்சயமாகச் சொல்ல முடியும்? அதுதான் நம் குற்றச்சாட்டே!

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றே அழைக்கிறோம். சுட்டுக் கருக்கித் தொப்புளைச் சுற்றிப் பூசுகிறோம். வளையலாகக் கோத்துக் கையில் கட்டுகிறோம். பிள்ளை அதைக் கடித்துச் சப்புகிறது. ஆசிய வகை வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் மிகுதியாக இருக்கிறது. அதைத் தின்ற சோதனைப் பிராணிகளுக்குக் கட்டி உண்டாவது கண்டறியப்பட்டதால், 1968ல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. அமெரிக்காவில் தானாக வளரும் வசம்பு வகையில் அந்தப் பொருளே இல்லை. ஒரே பெயர், ஒரே தோற்றம். உள்ளே இருப்பதோ வேறு! எந்த நிலத்தில் விளைந்தது, எந்த வகை என்று கேட்காமல் "பாட்டி கொடுத்தது" என்று மட்டும் சொல்வது போதாது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறோம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே செல்லும். சிறு குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். 20 சதவீதக் கற்பூர எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் ஒரு கிராம் கற்பூரம் இருக்கிறது. தவறி விழுங்கினால் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்க அதுவே போதும். 1982ல் அமெரிக்க சர்க்கார் அந்த எண்ணெயைக் கடையில் விற்க விடாமல் நிறுத்தியது. அப்படியும் கற்பூரம் பல உருவங்களில் புழங்கியதால், நியூயார்க் நகரில் வலிப்புக் கண்ட மூன்று குழந்தைகளைப் பற்றி 2009ல் மருத்துவ இதழில் எழுத வேண்டி வந்தது.

வேப்பிலை போட்ட வெந்நீர் வேறு, வேப்பெண்ணெய் வேறு. வேப்பெண்ணெயைச் சளிக்கென்று புகட்டியதால் ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்ட 13 குழந்தைகளைப் பற்றி மலேசிய டாக்டர்கள் 1981ல் எழுதினார்கள். பூசுவதற்கு வாங்கி வைத்த சீசா புகட்டுவதற்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கண்மைக்கு வருவோம். விளக்குக் கரியில் வீட்டில் செய்த மையில் ஈயம் சேருவதில்லை. ஆனால் விரல் நகமும் அழுக்கும் கண்ணில் பட்டுச் சீழ் பிடிக்கிறது. கடையில் விற்கும் சில மைகளிலும் சுர்மாவிலும் ஈயமே மூலப்பொருள். ஈயத்தில் "இவ்வளவு வரை பயமில்லை" என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கண்ணைக் கசக்கிய கை வாய்க்குப் போகிறது. ஈயம் ரத்தத்தில் சேருகிறது. பிள்ளையின் புத்தி வளர்ச்சி குன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் "மக்கு" என்று பெயர் வாங்கும்போது, கைக்குழந்தையாக இருந்தபோது பூசிய மையை யார் நினைக்கப் போகிறார்கள்?

மருதாணியும் அப்படியே. கொல்லையில் பறித்து அரைத்த இலை சிவப்பாகத்தான் பற்றும். கடையில் "கறுப்பு மருதாணி" என்று கூம்பில் விற்பது, தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்தது. குழந்தையின் கையில் அது தீப்புண் போல் தடித்து எழும்பும். சிவப்பு மருதாணியும் எல்லாக் குழந்தைக்கும் ஆகாது. ஜி6பிடி என்ற ரத்தக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு மருதாணி பூசியதால் ரத்த அணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்ததை 2001ல் டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சாப்பிடும் பொருள் என்றால் தோலுக்கும் நல்லது என்பதும் சரியல்ல. கடலை எண்ணெய் கலந்த களிம்பைப் பூசிய குழந்தைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் வந்ததை 2003ல் பிரிட்டனில் கண்டறிந்தார்கள். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைத் தேய்த்த 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவே ஒவ்வாமல் போயிற்று. 2011ல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். வெடித்த தோல் வழியாக உணவுப் பொருள் நுழைந்தால் உடம்பு அதைப் பகையாளியாக எண்ணிவிடுகிறது.

பாட்டி செய்தது வேறு, பாக்கெட்டில் வருவது வேறு

"இத்தனை காலம் நம் பாட்டிமார் செய்யவில்லையா? நாமெல்லாம் வளரவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்வோம்.

முதலாவதாக, வளர்ந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். வளராமல் போன குழந்தைகள் கேட்க வரவில்லை. அந்தக் காலத்தில் எத்தனை தாய்மார் பெற்றதில் பாதியைப் புதைத்தார்கள் என்று எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் சொல்வாள்.

இரண்டாவதாக, பாட்டி பாசிப்பயறைத் தன் கையால் புடைத்தாள். மஞ்சளைத் தன் கண்ணால் பார்த்து எடுத்தாள். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுநாளே நிறுத்தினாள். பாக்கெட் வியாபாரத்தில் இது எதுவும் கிடையாது. யாரோ பறித்தது, யாரோ அரைத்தது, எத்தனை மாதம் கிடங்கில் கிடந்ததோ தெரியாது. கஸ்தூரி மஞ்சள் என்று சந்தையில் விற்பதில் பெரும்பகுதி வேறு கிழங்கின் பொடி. சாதாரண மஞ்சளிலோ இன்னும் பெரிய மோசடி உண்டு. நிறம் எடுப்பாகத் தெரிவதற்காக ஈய குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைக் கிழங்கில் ஏற்றுகிறார்கள். வங்க தேசத்தில் 2019ல் ஆராய்ச்சியாளர்கள் இதை வெளிப்படுத்தினார்கள். பாட்னா நகரத்து மஞ்சளிலும் ஈயம் மிக அதிகமாக இருப்பதை 2024ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பாட்டியின் மஞ்சளில் ஈயம் இல்லை. அவள் பெயரைச் சொல்லி விற்கும் மஞ்சளில் இருக்கலாம். அப்படியானால் பாட்டியைச் சாட்சிக்கு இழுப்பது என்ன நேர்மை?

மூன்றாவதாக, பழைய வழக்கம் எல்லாமே கெடுதல் என்றும் நாம் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்தால் நல்லது நல்லதென்றே வெளிவரும். குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது நோய்த்தொற்று குறைந்ததை டாக்காவில் நடந்த ஆராய்ச்சி 2005ல் காட்டியது. குழந்தையின் தோல் வறண்டு போகாமல் தேங்காய் எண்ணெய் காக்கிறது என்பதை நம் நாட்டு ஆராய்ச்சிகளும் ஒப்புக்கொள்கின்றன. அதே சோதனை முறைதான், வடக்கே தடவும் கடுகெண்ணெய் தோலின் காப்பைக் கெடுக்கக்கூடும் என்றும் எச்சரித்தது. பாட்டியின் வழக்கத்துக்கு மரியாதை செய்வது என்றால் இதுதான்: சோதித்து, நல்லதை நிலைநிறுத்தி, கெட்டதைக் கழிப்பது.

சட்டத்தில் எத்தனை வாசல்!

சோதிக்க வேண்டியவர்கள் யார்? சர்க்காரும் உற்பத்தியாளரும். அவர்கள் செய்வது என்ன?

நம் நாட்டில் குழந்தை எண்ணெயையும் பொடியையும் விற்க இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, அழகுப் பொருள் லைசென்ஸ். இதற்கு 2020ம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் உண்டு. மற்றொன்று, ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து லைசென்ஸ். இந்த இரண்டாவது வாசலுக்கு 2010ல் 158-பி என்று ஒரு விதி வந்தது. சட்டத்தின் அட்டவணையில் கண்ட பழைய நூல்களில் உள்ளபடி செய்த பொருளாக இருந்தால், அது தீங்கற்றது என்று காட்டத் தனிச் சோதனை தேவையில்லை என்கிறது அந்த விதி. நூலில் இருக்கிறது, அது போதும்! அந்த நூல்களை எழுதிய பெரியோர் ஈயச் சாயம் ஏற்றிய மஞ்சளைக் கண்டார்களா? செல்போனில் ஆர்டர் பிடித்து ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் குழந்தைக்குப் பொடி அனுப்பும் வியாபாரத்தைக் கண்டார்களா? வைத்தியர் நேரில் பார்த்து, நாடி பிடித்து, இந்தக் குழந்தைக்கு இவ்வளவு என்று கொடுப்பதற்காக எழுதிய நூலை, பார்க்காமலே விற்பதற்கு அனுமதிச் சீட்டாக ஆக்கிவிட்டார்கள்.

விளம்பரத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. இத்தகைய மருந்துகளை விளம்பரம் செய்யும் முன்னே மாநில அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும் என்று 2018ல் 170ம் விதி வந்தது. கம்பெனிகளுக்குப் பொறுக்கவில்லை. 2024 ஜூலை 1ந் தேதி மத்திய சர்க்கார் அந்த விதியையே நீக்கி அறிவிக்கை போட்டது. ஆகஸ்ட் 27ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில் அந்த வழக்கு முடித்து வைக்கப்பட்டது. நிறுத்தி வைத்த உத்தரவும் அதோடு போயிற்று. ஆக, விளம்பரக்காரன் வாயைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்துவிட்டது. "பக்க விளைவுகள் அற்றது" என்று அவன் கூவுகிறான். அதற்கு ருசு எங்கே என்று விளம்பரம் வெளிவரும் முன்பே கேட்க ஆள் இல்லை.

இதைக் கேட்டால், "சிறு உற்பத்தியாளர்கள் நசிந்துவிடுவார்களே, சுய உதவிக் குழுப் பெண்கள் பிழைக்க வேண்டாமா?" என்று திடீரென்று பெரிய முதலாளிகளுக்கு ஏழைப் பெண்கள்மீது இரக்கம் பொத்துக்கொண்டு வருகிறது. வீட்டில் நலங்கு மாவு அரைத்துப் பத்துப் பேருக்கு விற்கும் சகோதரிக்கு நாம் விரோதிகள் அல்லர். அவளுக்கு வேண்டியது சட்டத்தில் ஓட்டை அல்ல. குறைந்த செலவில் தன் சரக்கைச் சோதித்துத் தரும் சர்க்கார் சோதனைச்சாலையும், எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கலாகாது என்ற பயிற்சியும்தான். ஓட்டை வழியாக லாரி லாரியாகச் சரக்கை ஓட்டுகிறவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முடியாத காரியமா?

"இவ்வளவு பெரிய தேசத்தில் இதையெல்லாம் கண்காணிக்க முடியுமா?" என்பார்கள். பக்கத்து நாட்டைப் பாருங்கள். வங்க தேசமும் பணக்கார நாடு அல்ல. 2019ல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் உண்மையை வெளியிட்டார்கள், பத்திரிகைகள் எழுதின, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மொத்தச் சந்தைக்குள் நுழைந்து சோதித்தார்கள், கலப்படக்காரர்களுக்கு அபராதம் போட்டார்கள். 2021ல் மீண்டும் சோதித்தபோது ஈயம் கலந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. இரண்டே வருஷத்தில்! தாய்மார்களைத் திட்டி இதைச் சாதிக்கவில்லை. சந்தையைச் சோதித்துச் சாதித்தார்கள்.

நம்மிடம் இல்லாதது என்ன? தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மாநில சர்க்காருக்குச் சொந்தமாக டாம்ப்கால் என்ற மூலிகை மருந்துக் கழகம் இருக்கிறது. கிராமந்தோறும் செவிலியரும் அங்கன்வாடிச் சகோதரிகளும் இருக்கிறார்கள். 2015ல் தமிழ்நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு 16 பொருள்கள் அடங்கிய பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதில் குழந்தைக்கு எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாம் இருந்தன. எண்ணெய் கொடுக்க முடிந்த சர்க்காருக்கு, எதைப் பூசலாம், எதைப் பூசலாகாது என்று ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்க முடியாதா? குறைவது ஆளும் அல்ல, அறிவும் அல்ல, மனம்.

என்ன வேண்டும்?

நாம் கேட்பது இவைதான்.

குழந்தைகளுக்கென்று விற்கும் எந்தப் பொருளானாலும், எந்த லைசென்ஸில் வந்தாலும், சேர்ந்துள்ள ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் தமிழில் அச்சிட வேண்டும். "21 மூலிகைகள்" என்ற மாய்மாலம் ஒழிய வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கான பொருளுக்கு 158-பி விதியின் விலக்குச் செல்லாது என்று திருத்த வேண்டும். பழைய நூலில் இருந்தாலும் இன்றைய சரக்கைச் சோதித்தே விற்க வேண்டும். தீங்கற்றது என்று ருசுப்படுத்தும் பொறுப்பு விற்பவனைச் சேர்ந்தது. தீங்கு என்று ருசுப்படுத்தும் பொறுப்பைத் தாயின் தலையில் கட்டலாகாது.

விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்ற விதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஜில்லாதோறும் மஞ்சள், மை, குளியல் பொடி மாதிரிகளைக் கடைகளில் எடுத்துச் சோதித்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். சிறு உற்பத்தி செய்யும் பெண்களுக்குச் சோதனை இலவசமாக அமைய வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தகைய புகார்களைப் பதிவதற்கு ஒரு புத்தகம் வைக்க வேண்டும். அந்த வேலையை அங்கன்வாடிச் சகோதரிகளின் முதுகில் கூலியில்லாமல் ஏற்றலாகாது.

இவை நடக்கும்வரை நம் தாய்மார்கள் என்ன செய்வது? அதையும் சொல்ல வேண்டியது கடமை.

தொப்புள் உதிரும்வரை அதில் எதுவும் பூசாமல், சுத்தமாக, உலர்ந்தபடி வையுங்கள். கண்ணுக்குள் மை வேண்டாம்; திருஷ்டிப் பொட்டு வேண்டுமானால் கை எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குக் கற்பூரம், புதினா உப்பு, யூகலிப்டஸ் சேர்ந்த தைலம் எதுவும் நெஞ்சிலோ மூக்கிலோ வேண்டாம். வசம்பு வளையலைக் கடிக்க விடாதீர்கள். எண்ணெய் தேய்க்க வேண்டுமானால் வாசனை சேராத தேங்காய் எண்ணெய் போதும். குளியலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரே பெரும்பாலும் போதும். பொடியே இல்லாமல் வளர்ந்த குழந்தைக்கு ஒரு குறையும் வராது. தோல் வெடித்துச் சொறி உள்ள குழந்தைக்கு எந்த மாவும் வேண்டாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தோல் சிவந்தால் உடனே நிறுத்துங்கள். டாக்டரிடம் போகும்போது பாக்கெட்டையும் கையோடு கொண்டு போங்கள். அதைத் தூர எறிந்துவிடாதீர்கள், அதுவே அத்தாட்சி.

டாக்டர்களுக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் ஏற்கெனவே பாதி உயிர் போனவளாக வருகிறாள். அவளைத் திட்டி அனுப்பினால் அடுத்த தடவை என்ன பூசினாள் என்பதை மறைத்துவிடுவாள், நஷ்டம் குழந்தைக்குத்தான். "யார் சொல்லிப் போட்டாய்?" என்று அவளிடம் கேட்காதீர்கள். "யார் இதை விற்க விட்டார்கள்?" என்று எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.

அந்தச் சகோதரியின் குழந்தை இப்போது தேறிவிட்டது. கன்னத்தில் ஒரு கறுப்புத் தழும்பு மட்டும் மிச்சம். நாளாவட்டத்தில் மங்கிவிடும் என்கிறார் டாக்டரம்மா. பாக்கெட்டை நாம் வாங்கி வைத்திருக்கிறோம். அந்தத் தெருப் பெண்கள் நாற்பது பேர் கையெழுத்திட்ட மனுவோடு சேர்த்து அதைக் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறோம். "விஷம்னு போடலியே" என்று அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. என்ன போட்டாய் என்று விற்றவனிடமும், ஏன் விட்டாய் என்று சர்க்காரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பாக்கெட் இருக்கும். எடுத்து வையுங்கள், அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பேசுங்கள், கேளுங்கள்.